பெட்டிக்குள் படுத்தவர் சிரிக்க வேண்டும்

காலை ஏழரை மணிக்கு, கெர்பாவ் ரோட்டில் சவரிராஜ் வீட்டு வாசலில் ஒரு சவப்பெட்டி வந்து இறங்கியது. லாரியிலிருந்து நாலு பேர் அதை இறக்கி நடைபாதையில் வைத்தார்கள். எதிர்க்கடைச் சீனத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். சாவுத் தீட்டு தன் கடைக்குள் வராமலிருக்க, உள்ளே போய் ஒரு சிவப்புத் தாளை எடுத்துவந்து தன் கதவில் ஒட்டிவிட்டு, மறுபடி மிஷினில் உட்கார்ந்துகொண்டார்.

தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணிதான் கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அருகில் வந்தாள்.

"ஐயய்யோ, யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்" என்றாள் அல்போன்சம்மாள், கையில் சோற்றுக் கரண்டியோடு. "இப்பத்தான் பல்லு விளக்கிட்டு இருக்காரு. குளிச்சிட்டு வந்து படுத்துடுவாரு."

அந்தப் பெண்மணி மார்க்கெட்டுக்குப் போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

விஷயம் இதுதான். அது எண்பத்தொன்றாம் வருஷத்து நவம்பர். மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து சிராங்கூன் ரோட்டில் இறங்கியிருந்தது. இந்தியில் சக்கைப்போடு போட்ட ஒரு ரவுடிப் படத்தைத் தமிழில் எடுக்கிறார்கள். கதை, துறைமுகத்தை ஆட்டிப்படைக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றியது. பம்பாயில் நடந்த கதையை மெட்ராஸில் எடுத்தால் யார் பார்ப்பார்கள், கப்பலுக்குக் கப்பலும் ஆச்சு, வெளிநாட்டுக்கு வெளிநாடும் ஆச்சு என்று சிங்கப்பூருக்கு வந்துவிட்டார்கள். உள்ளூரில் ஆள் பிடிக்க, இடம் பிடிக்க, போலீஸ் பெர்மிட் வாங்க எல்லாவற்றுக்கும் காதர் மைதீன். கேசட் கடை வைத்திருந்தவர். சினிமாக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு யார் போடுவது என்ற கேள்வி வந்ததும் அவர் நேரே அல்போன்சம்மாளிடம்தான் வந்தார். பத்து வருஷமாகத் தனியாட்களுக்கு அடுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவள் அவள். முப்பது பேருக்கு உலை வைப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை.

முதல் நாள் நெத்திலியில் செய்த ஈக்கான் பிலிஸ் சம்பலைப் பார்த்து, "இது என்னம்மா, கருவாட்டுக் குஞ்சா?" என்று முகம் சுளித்த லைட்மேன்கள், மூன்றாம் நாள் சாம்பாரைத் தள்ளிவைத்துவிட்டுச் சம்பலுக்குக் கை நீட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் அல்போன்சம்மாளுக்குப் பிடித்தவன் இராமசாமி. உதவி டைரக்டர். ஒல்லியாக, சட்டைக் காலரில் கைக்குட்டை சொருகிக்கொண்டு, கக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தோடு அலைவான். இந்திப் படத்தை பம்பாய்த் தியேட்டரில் நாற்பத்தொரு தடவை பார்த்து, யார் எங்கே நின்றார்கள், எந்தக் கையால் அறைந்தார்கள் என்று ஷாட் ஷாட்டாக எழுதி வைத்த நோட்டு அது. யூனிட்டில் அதற்குப் பெயர் பைபிள். முதல் நாள் யாரோ "பைபிளை எடு" என்று சொன்னது காதில் விழுந்ததும் அல்போன்சம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் இராமசாமி பிரித்துக் காட்டினான். 'வில்லன் இடது கையால் சோடா பாட்டிலை உடைக்கிறான்' என்று எழுதியிருந்தது.

"ஒரிஜினல்ல எப்படியோ அப்படியே எடுக்கணும்மா" என்றான் இராமசாமி. "டைரக்டர் ஒரு மயிரிழை மாத்த விடமாட்டாரு. அங்க ஓடுனது இங்கயும் ஓடணும்ல?"

அந்த ஒரிஜினல் ஒரு சாவில் தொடங்குகிறது. துறைமுகத்துப் பெரியவர் ஒருவர் சவப்பெட்டியில் கிடக்கிறார். கிறிஸ்தவர். அவரைச் சுற்றிப் பதினோரு பெண்கள் அழுகிறார்கள். பெட்டிக்கு அந்தப் பக்கம் கதாநாயகன், இந்தப் பக்கம் வில்லன். இனி யார் பெரியவர் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். பெட்டியில் கிடக்கிறவருக்கு வசனம் கிடையாது. முகம் மட்டும் வேண்டும்.

அந்த முகத்தை டைரக்டர் சாப்பாட்டு நேரத்தில் கண்டுபிடித்தார். நடைபாதையில் ஒரு மர நாற்காலியில் சவரிராஜ் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை, அகன்ற நெற்றி, எங்கேயும் பார்க்காத கண். டைரக்டர் ரசம் ஊற்றிய கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"இராமசாமி! அங்க பாருய்யா. அப்படியே செத்த மாதிரி இருக்காரு!"

அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அல்போன்சம்மாளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை.

சவரிராஜ் ஹார்பரில் முப்பது வருஷம் தண்டலாக இருந்தவர். நாற்பது ஆட்களை மேய்த்து, பாரம் தூக்கும் வின்ச்சுக்குக் கை காட்டி, கப்பலிலிருந்து சரக்கு இறக்கியவர். அவர் சிரிப்பு அங்கே பேர்போனது. இவர் கரையில் சிரித்தால் கப்பல் மேல்தட்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அவர் சிரித்தால் சாமியார் உள்ளே இருந்தபடியே, "சவரிராஜ், மெதுவா, நற்கருணை இன்னும் உள்ளதான் இருக்கு" என்று குரல் கொடுப்பார்.

அந்தச் சிரிப்பு பதினாலு மாதமாக இல்லை.

ஒரே மகள் பிரிஜட். எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கோயிலில் ஒரு நல்ல குடும்பத்துப் பையனைப் பேசி, மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பதற்குச் சாமியாரிடம் தேதியும் சொல்லியாயிற்று. அந்த வாரத்தில் ஒரு புதன்கிழமை, பிரிஜட் அரை நாள் லீவு போட்டு, பஸ் டிப்போ மெக்கானிக் சுந்தரத்தை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில் ஒரு கேக் டப்பாவோடு வாசலில் வந்து நின்றாள். சுந்தரம் கும்பிட்டான். நெற்றியில் திருநீறு. சவரிராஜ் எழுந்து வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"நான் செத்துப் பெட்டியில கெடந்தாக்கூட நீ வந்து என் மூஞ்சியைப் பாக்கக் கூடாது."

கேக் டப்பா வாசலிலேயே இருந்தது. எறும்பு வந்தபிறகு அல்போன்சம்மாள்தான் எடுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிறவர் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டார். வீட்டில் நாற்காலி. மகள் பேரை எடுத்தால் எழுந்து பின்கதவு வழியாகப் போய்விடுவார். உட்லண்ட்ஸில் இருக்கிற மகள் ஏழு மாதக் கர்ப்பம் என்ற செய்தியைச் சொல்ல அல்போன்சம்மாள் எத்தனையோ தடவை வாயெடுத்தாள். 'பி' என்று உதடு சேர்வதற்குள் நாற்காலி காலியாகிவிடும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லாமல் எங்கே? அந்த ஏக்கம் அவளைத் தின்றது. சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு, ஜெபமாலை உருட்டும்போதும் அதே நினைப்பு.

டைரக்டர் கேட்டதும் சவரிராஜ் முடியாது என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அல்போன்சம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கை மெதுவாகி, கடைசியில் நின்றே போனது. எங்கே பேச்செடுத்தாலும் எழுந்து ஓடுகிற மனுஷன், கேமரா ஓடும்போது பெட்டிக்குள்ளே படுத்திருந்தால் எங்கே ஓடுவார்?

சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காதர் மைதீனை வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, அவங்க அவ்வளவு தூரம் கேக்குறாங்க. சும்மா படுக்கறதுதானே?"

"உசிரோட இருக்கிறவனைப் பெட்டியில படுக்கச் சொல்றியா நீ?"

"பதினாலு மாசமா நாற்காலியில கெடக்கறீங்க. அதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல எனக்கு."

சவரிராஜ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

காதர் மைதீன் தொண்டையைச் செருமினார். "வற்புறுத்தாதீங்க அக்கா. அண்ணனுக்குப் பிடிக்கலன்னா விடுங்க. வேற ஆள் இருக்கு லா. லாசரஸ் அண்ணன் வரேன்னுட்டாரு."

பிசைந்த கை நின்றது. லாசரஸ் ஹார்பரில் இன்னொரு தண்டல். இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கப்பலில் வேலை பார்த்தும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"லாசரஸா? அவனுக்கு ஒழுங்கா ஒரு முடிச்சுப் போடத் தெரியாது. அவன் ஹார்பர்ப் பெரியவரா?"

"செத்தவருக்கு முடிச்சுப் போடத் தெரிய வேண்டாம் அண்ணே."

"அவன் மூஞ்சி செத்தாலும் தேறாது" என்று சொல்லிவிட்டுச் சவரிராஜ் கை கழுவப் போனார். திரும்பி வந்து, "எத்தனை மணிக்குப் படுக்கணும்?" என்று கேட்டார்.

லாசரஸிடம் யாரும் பேசவே இல்லை என்பது காதர் மைதீனுக்கும் அல்போன்சம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு நிபந்தனை இருந்தது. இராமசாமி வந்து பணிவாகச் சொன்னான். "ஐயா, எங்க லைன்ல ஒரு வழக்கம். செத்த மாதிரி நடிச்சவங்க, ஷாட் முடிஞ்சதும் எழுந்து கேமராவைப் பாத்துச் சிரிச்சிடணும். அதையும் கொஞ்சம் ஃபிலிம்ல எடுப்போம். படத்துல வராது. கேமரா உங்களைக் கடைசியா பொணமா பாத்ததா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்க சிரிக்கிற வரைக்கும் யாரும் கேமராவை நகர்த்த மாட்டாங்க, சாப்பிடவும் மாட்டாங்க."

"சிரிக்கணுமா?" என்றார் சவரிராஜ்.

"ரெண்டு செகண்டு போதுங்க."

அல்போன்சம்மாள்தான், "அதெல்லாம் சிரிப்பாரு, சிரிப்பாரு" என்று அவசரமாகச் சொல்லி அனுப்பினாள்.

பெட்டி கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. லாவண்டர் ஸ்ட்ரீட்டில் சவப்பெட்டிக் கடைச் சீனர் வாடகைக்குத் தர மறுத்துவிட்டார். பெட்டி போனால் ஆளோடு போகவேண்டும், ஆளை இறக்கிவிட்டுப் பெட்டி மட்டும் திரும்பி வருகிற வியாபாரம் தன் பரம்பரையில் கிடையாது என்றாராம். கடைசியில் ஒரு தச்சர் பிளைவுட்டில் அடித்துக் கொடுத்தார்.

பெட்டி செய்யக் கொடுத்த அன்று அல்போன்சம்மாள் காப்பிக்கடை டெலிபோனில் காசைப் போட்டு உட்லண்ட்ஸுக்குப் பேசினாள்.

"வெள்ளிக்கிழமை காலையில வா. அழற பொம்பளைங்க பதினோரு பேருல நானும் ஒருத்தி. பெட்டிக்குத் தலைமாட்டுல எனக்கு இடம் குடுத்திருக்காங்க. கடைசி நேரத்துல எனக்கு மயக்கம் வரும். நீ உக்காந்துக்க."

"ம்மா, ஆர் யு மேட்? பெட்டியில கெடந்தாக்கூட வரக்கூடாதுன்னு சொன்னாரு லா."

"அதைத்தான்டி சொல்றேன். பெட்டி செய்யக் குடுத்தாச்சு."

டெலிபோன் இன்னொரு காசு கேட்டது.

"எழுந்து கத்திட்டாருன்னா?"

"முப்பது பேரு சுத்தி நிப்பாங்க. கேமரா ஓடும். ஒத்துக்கிட்ட வேலையைப் பாதியில விடற மனுஷன் இல்ல அவரு. அது உனக்கே தெரியும்."

வெள்ளிக்கிழமை வந்தது. மழைக்காலம்தான் என்றாலும் காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. பன்னிரண்டு மணி வரைதான் தெருவுக்குப் பெர்மிட். வீட்டு முன்னறையில் பெஞ்சுகளைப் போட்டுப் பெட்டியை வைத்தார்கள். வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகைகளை வாசலில் பிடித்து வெயிலை உள்ளே திருப்பினார்கள். சவரிராஜ் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "பிளைவுட்" என்று முணுமுணுத்துவிட்டு ஏறிப் படுத்தார்.

மெட்ராஸ்காரர்கள் அவர் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டப் போனார்கள். "அது எங்கள்ல கிடையாது" என்று அல்போன்சம்மாள் தடுத்து, கைகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு ஜெபமாலையைச் சுற்றினாள். கோயில் கடையில் வாங்கிய புதுசு, இன்னும் மந்திரிக்காதது. மந்திரித்ததை உயிரோடு இருக்கிறவர் கையில் இந்தக் கோலத்தில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். கண் மூடியிருந்தது. நான் செய்வது சரிதானா மாதாவே என்று நினைத்துக்கொண்டாள்.

இராமசாமி பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். "சத்தமெல்லாம் நாங்க எடுக்கல. மெட்ராஸ்ல போய்த்தான் குரல் சேர்ப்போம். அதனால வாய்க்கு வந்ததைச் சொல்லி அழுங்க. வாய் அசையணும், அவ்வளவுதான். தலைமாட்டுல இருக்கிறவங்க மட்டும் குனிஞ்சு பெரியவர் காதுகிட்ட ஏதோ சொல்லணும். ஒரிஜினல்ல அப்படித்தான்."

"தம்பி, எனக்குத் தலை சுத்துதுப்பா" என்றாள் அல்போன்சம்மாள். "இந்தப் பொண்ணு உக்காரட்டும்."

கறுப்புச் சேலையில் முக்காடு போட்டுக்கொண்டு பிரிஜட் வந்து உட்கார்ந்தாள். இராமசாமி நோட்டைப் பார்த்துப் பதினோரு தலையை எண்ணினான். கணக்குச் சரி. கேமரா ஓடத் தொடங்கியது. பத்துப் பெண்கள் ஓவென்று ஆளுக்கொரு ராகத்தில் அழுதார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே பிரிஜட் குனிந்தாள். கேமராவுக்குப் பின்னால் தூணோடு ஒட்டி நின்ற அல்போன்சம்மாளுக்கு மட்டும் அது அரைகுறையாகக் கேட்டது.

"ப்பா. நான்தான்."

மூடிய இமை துடித்தது.

"கண்ணைத் திறக்காதீங்க, ஃபிலிம் ஓடுது. பெட்டியில கெடந்தாக்கூட வரக்கூடாதுன்னீங்க. வந்துட்டேன். எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க பாப்போம்."

"கட்!" என்றார் டைரக்டர். "பெரியவர் கண்ணு ஆடுதுய்யா."

அல்போன்சம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். இதோ எழுந்துவிடுவார். எழுந்து பின்கதவு வழியாகப் போய்விடுவார். இத்தனை பேர் முன்னால் மகள் குன்றிப்போவாள். பெட்டிக்குள்ளிருந்து, கண்ணைத் திறக்காமலே, சவரிராஜின் குரல் வந்தது.

"இன்னொரு தரம் எடுங்க தம்பி."

"நடிகர்னா இவரு நடிகர்" என்று டைரக்டர் வில்லன் நடிகரைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாம் தடவை ஓடியது. பிரிஜட் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"சொல்லாமப் பண்ணது தப்புதான். எப்படிப்பா சொல்றது? ஹார்பர்ல நாப்பது பேரை மேய்ச்ச ஆளு நீங்க. உங்க முன்னால நின்னா எனக்கு இங்கிலீஷும் வராது, தமிழும் வராது. கேக் வாங்கிட்டு வந்தா நீங்க சிரிச்சிடுவீங்கன்னு நெனச்சேன். ஸ்டுப்பிட் லா நான். சுந்தரம் என்னைக் கோயிலை விட்டு நிறுத்தல. ஞாயித்துக்கிழமை சாயங்காலப் பூசைக்கு அவருதான் கூட்டிட்டு வராரு. காலையில நீங்க உக்கார்ற அதே கடைசி பெஞ்சுலதான் சாயங்காலம் நான் உக்கார்றேன். அம்மா சொன்னாங்க. பெஞ்சு சூடு ஆறிப்போயிருக்கும், ஆனாலும் அங்கதான் உக்கார்றேன்."

இந்த முறை ஒரு வெள்ளிப் பலகை காற்றில் சாய்ந்து வெளிச்சம் போய்விட்டது. மறுபடியும் பெட்டிக்குள்ளிருந்து, "இன்னொரு தரம்" என்று குரல் வந்தது, யாரும் கேட்பதற்கு முன்பே.

மூன்றாம் தடவை கேமரா ஓடியது. பிரிஜட் இன்னும் தாழக் குனிந்தாள்.

"ஜனவரியில டேட் குடுத்திருக்காங்கப்பா. ஏழு மாசம். நல்லா உதைக்குது. உங்க மாதிரி சத்தமா சிரிக்குமோ என்னமோ."

சவரிராஜின் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு புறப்பட்டு, போட்ட பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு காதுப் பக்கம் இறங்கியது.

"கட், கட்! பொணம் அழுவுது!"

இராமசாமி ஓடிவந்து குனிந்தான். "ஐயா, ஒரிஜினல்ல பொணம் அழலைங்க."

"தெரியும்" என்றார் சவரிராஜ், கண்ணை மூடியபடியே. மேக்கப்மேன் துடைத்துவிட்டுப் பவுடர் போட்டான். நாலாவது தடவை பிரிஜட் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள், அவர் அசையவில்லை. டைரக்டர் "ஓகே" என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. சிரிக்கிற ஷாட் இருந்ததே.

சவரிராஜ் எழுந்து பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்தார். கேமரா முகத்துக்கு நேராக இருந்தது. "சிரிங்க ஐயா" என்றான் இராமசாமி. அவர் கேமராவைப் பார்த்தார். மீசை ஒரு தடவை அசைந்தது, அவ்வளவுதான். காதர் மைதீன் லாசரஸைப் போல் நொண்டி நடந்து காட்டினார். கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றிக் கோணங்கி செய்தான். லைட்மேன்கள் பலகைக்குப் பின்னாலிருந்து நாய் மாதிரிக் குரைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"வரலப்பா" என்றார் சவரிராஜ். "மறந்துபோச்சு."

மணி பதினொன்றே முக்கால். வெளியே மேகம் கூடிவிட்டது. வெயில் போனால் படமில்லை, பன்னிரண்டு அடித்தால் பெர்மிட் இல்லை. திருஷ்டிப் பூசணிக்காயை வைத்துக்கொண்டு ஒருவன் நின்றான். தெருவில் உடைத்தால் குப்பை போட்டதற்கு அபராதம் போடுவார்கள் என்று காதர் மைதீன் அவன் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்திருந்தார். முப்பது பேர் சோறு பின்கட்டில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை. கேமரா உதவியாளன் இன்னொருவன் காதில் என்னவோ சொன்னான். போன வருஷம் சிரிக்காமல் போன ஒரு நடிகரின் கதை என்று அல்போன்சம்மாளுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நானே அவரைப் பெட்டியில் ஏற்றினேனே, இப்போது சிரிக்காமல் இறங்கினால் என்ன ஆகும்? வழக்கம் சினிமாக்காரர்களுடையதுதான். ஆனால் பயம் வந்துவிட்டால் யாருடைய வழக்கம் என்று பார்க்குமா? அந்தோணியாரே, மாதாவே, சூசையப்பரே என்று வரிசையாக எல்லாரையும் கூப்பிட்டாள்.

பிரிஜட் இவ்வளவு நேரமும் மூலையில் நின்றிருந்தாள். பேச வேண்டியதெல்லாம் பேசியாயிற்று. அவர் ஒரு தடவைகூடத் தன் பக்கம் திரும்பவில்லை. முக்காட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் போறேன்ம்மா" என்றாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். வெளிச்சத்துக்கு நேராக அவள் வயிறு எடுப்பாகத் தெரிந்தது.

சவரிராஜ் பார்த்தார். அவ்வளவுதான், பழைய தண்டல் குரல் அறையே அதிரப் புறப்பட்டது.

"ஏய்! நில்லு! மாசமா இருக்கிறவ சாவு வீட்டுக்கு வரலாமா? கொஞ்சமாவது அறிவிருக்கா உனக்கு?"

பிரிஜட் திரும்பினாள். பெட்டிக்குள் கோட்டும் பவுடருமாக, கையில் ஜெபமாலை கட்டி உட்கார்ந்திருந்த அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருப்பா செத்தா?"

சவரிராஜ் தன் கையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பெட்டியின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் அந்தச் சிரிப்பு வந்தது. பதினாலு மாதம் அடைத்துக் கிடந்தது ஒரே மூச்சில் வந்தது. பிளைவுட் பெட்டி கிறீச்சிட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பிரிஜட் சிரித்தாள். அல்போன்சம்மாள் அழுதாள். ரெண்டு செகண்டு போதும் என்ற இராமசாமி கட் சொல்ல மறந்து நின்றதில், ஃபிலிம் ரோல் தீர்ந்து கேமரா தானாகவே நின்றது.

பேசினுக்குள் பூசணிக்காய் உடைந்தது. முதல் தூறல் விழுந்தது.

சிரித்து ஓய்ந்தபின் சவரிராஜால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் படுத்ததில் கால் மரத்துப்போயிருந்தது. கையை நீட்டினார். காப்பிக்கடையில் காலையிலிருந்து நாலு காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்த சுந்தரம், அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்து கூட்டத்தில் முன்னால் நின்றான். மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அவன் தயங்கித் தன் கையை நீட்டினான்.

சவரிராஜ் அந்தக் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"நீதானே பஸ் மெக்கானிக்?"

"ஆமா மாமா."

"ம். இழு."

வின்ச்சுக்குச் சொல்கிற அதே தோரணைதான். சுந்தரம் இழுத்தான். அன்றைக்குச் சோறு ஆறிப்போயிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

படம் அடுத்த வருஷம் ஜூனில் நார்த் பிரிட்ஜ் ரோட்டுத் தியேட்டருக்கு வந்தது. குடும்பத்தோடு போனார்கள். சவரிராஜ் மடியில் ஐந்து மாதப் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம் கெர்பாவ் ரோட்டு வீட்டில்தான் பார்த்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஞானஸ்நானத்துக்கு அன்று சுந்தரம் புதுச் சட்டை போட்டுக் கோயிலுக்குள்ளேயே வந்து, முன் பெஞ்சில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான். நெற்றியில் திருநீறு அப்படியேதான் இருந்தது. லாசரஸ் உட்பட யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அல்போன்சம்மாளுக்கு ஒரே ஒரு ஆசை. சிரிப்பைக் காட்டுவார்களா? வராது என்று இராமசாமி அன்றைக்கே சொல்லியிருந்தான். இருந்தாலும் மறந்தாவது விட்டிருக்க மாட்டார்களா என்று நினைத்தாள்.

விளக்கு அணைந்தது. பெட்டியும் பதினோரு பெண்களும் திரையில் வந்தார்கள். பிரிஜட் குனிந்தாள். "எங்களை அனாதையா விட்டுட்டுப் போயிட்டீங்களே பெரியவரே!" என்று மெட்ராஸில் யாரோ ஒரு பெண் அவள் வாய்க்குள்ளிருந்து அழுதாள்.

"நீ அப்படியா சொன்னே?" என்று சுந்தரம் கேட்டான்.

"சீ, இல்ல லா."

"அப்ப என்னதான் சொன்னே? இதுவரைக்கும் சொல்லவே மாட்டேங்கறியே."

பிரிஜட் அப்பாவைப் பார்த்தாள். சவரிராஜ் மருமகன் பக்கம் சாய்ந்தார்.

"எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க பாப்போம்னா" என்றார். சொல்லும்போதே தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

தியேட்டர் முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது. பேத்தி திடுக்கிட்டு விழித்து, அழலாமா வேண்டாமா என்று பார்த்தாள். முன் வரிசையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒருவர் கோபமாகத் திரும்பினார்.

"சாவுல என்னங்க சிரிப்பு? பெரிய மனுஷன்தானே நீங்க?"

சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினார். பெட்டியில் கிடந்த முகம் திரை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் மெதுவாக மறுபடி திரும்பி, சிரித்துக்கொண்டிருந்த சவரிராஜைப் பார்த்தார். அப்புறம் படம் முடியும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அல்போன்சம்மாள் பேத்தியை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள், சவரிராஜ் தாராளமாகச் சிரிக்கட்டும் என்று.